சுண்ணாம்பு வேறு, சுண்ணாம்புச் சத்து வேறு

கடலோர வட்டாரங்களுக்கு உரப் பரிந்துரை எழுதும் வேளாண்மை அதிகாரிகளுக்கும், மண்வள அட்டை தயாரிக்கும் ஆய்வகத்தாருக்கும்,

காய்க்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், தருவதற்காக நிலக்கடலைக்குப் போடும் ஜிப்சம் உரம் இந்தப் பட்டத்துக்குக் கிடையாது என்று எங்கள் வட்டார டிப்போவில் சொல்லிவிட்டார்கள். இருப்பு இல்லை என்று சொல்லியிருந்தால் பேசாமல் வீட்டுக்கு வந்திருப்பேன். இருப்பு இல்லாதது எங்களுக்குப் புதிதா என்ன? ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி சொன்ன காரணம் வேறு. "கடற்கரை மண்ணும்மா இது. கால் வச்சா கிளிஞ்சல் குத்துது. உங்களுக்கு எதுக்குச் சுண்ணாம்புச் சத்து? அதான் கடலோரக் கிராமங்களுக்கு வேண்டாம்னு மேல எழுதிட்டாங்க."

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலே எழுதியதை அவர் படித்துச் சொன்னார், அவ்வளவுதான். எந்த டிப்போ, எந்த வட்டாரம் என்று இங்கே எழுதப் போவதும் இல்லை. ஒரு ஆளை மாட்டிவிடுவதற்காக நான் பேனா எடுக்கவில்லை. ஆனால் "கடற்கரையில் சுண்ணாம்புக்கா பஞ்சம்" என்ற ஒற்றைப் பேச்சை வைத்து ஒரு ஒதுக்கீடு நின்றுபோகிறது என்றால், அந்தப் பேச்சு சரியா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் நடுவில், கடலில் இருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே எங்கள் நிலம். மணல்பாங்கான புஞ்சை ஒரு ஏக்கர். அதில் ஐப்பசியில் கடலை. கண்மாய் ஓரத்தில் களிமண்ணாக அரை ஏக்கர், அதில் மிளகாய். முண்டு மிளகாய்தான், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ராமநாதபுரம் முண்டு. வரப்பில் இருபது பனை. வீட்டுக்காரர் பாதி நாள் வெளியூர் வேலைக்குப் போய்விடுவார். ஆகவே விதைப்பதும் களை எடுப்பதும் காய் ஆய்வதும் விலை பேசுவதும் என் பாடு.

போன தை கடைசியில் கடலை பறித்தோம். வியாபாரி வந்தார். குவியலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். உடைக்கக்கூட இல்லை. உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார். "காய் கனக்கலியே ஆத்தா" என்றார். அப்புறம்தான் நாலு காயை உடைத்தார். இரண்டில் பருப்பு இல்லை. ஓடு என்னவோ நன்றாகத்தான் இருந்தது, கோடு கோடாக, பார்க்க லட்சணமாக. உள்ளே காற்று. நாங்கள் பொக்கு என்போம். அன்றைக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு நான் வாதாடவில்லை. வாதாட என்ன இருக்கிறது? அவர் எடை போடுவது பருப்பை, ஓட்டை அல்ல.

ஆனால் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் இன்னொரு குவியல் இருந்தது. அதில் கைவிட்டபோது அவர் முகம் மாறியது. "இது எந்தக் காட்டுக் கடலை?" என்று கேட்டார். அதே காடு. அதே விதை. ஒரே நாளில் விதைத்தது. ஒரே மழை.

வித்தியாசம் இரண்டு மூட்டைதான். நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம், விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், செடியின் ஓரமாக இட்டுக் கொத்தி மண் அணைக்க வேண்டும் என்பது உங்கள் பரிந்துரைதான். ஏக்கருக்கு 160 கிலோ வருகிறது. போன பட்டத்தில் எனக்குக் கிடைத்தது 50 கிலோ மூட்டை இரண்டு. இருக்கிற நூறு கிலோவை ஏக்கர் முழுக்கத் தூவி வீணாக்குவானேன் என்று அறுபது சென்ட்டுக்கு மட்டும் அளவாகப் போட்டுவிட்டு, மீதி நாற்பது சென்ட்டை வெறுமனே விட்டேன். பறிக்கும்போது தனித்தனியாகக் குவித்தது என் மகளின் யோசனை. அவள் வேளாண்மையில் பட்டயப் படிப்பு படித்தவள்.

விதைக்கடலை உடைப்பது எங்கள் பக்கம் பெண்கள் வேலை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நான்கு பேர், ஆளுக்கு நூறு காய் அந்தக் குவியலில், நூறு காய் இந்தக் குவியலில் என்று எண்ணி உடைத்தோம். ஜிப்சம் போட்ட பக்கத்தில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பொக்கு. போடாத பக்கத்தில் நான்கு பேருக்கும் முப்பதைத் தாண்டியது. அதோடு விடவில்லை. போடாத பக்கத்துப் பருப்பைப் பிளந்து பார்த்தால், நல்ல பருப்பு என்று எடுத்து வைத்ததிலும் சிலவற்றில் முளைக்குருத்து கறுத்திருந்தது. அதை விதைக்கு வைத்தால் முளைக்குமா? ஒரு வருடம், ஒரு காடு, நாலு பெண்கள் எண்ணிய கணக்கு. இதை ஆராய்ச்சி என்று சொல்லி உங்கள் முன்னால் நிற்க மாட்டேன். ஆனால் "வேண்டாம்" என்று எழுதியவரிடம் இந்த அளவுக்காவது ஒரு கணக்கு இருந்ததா என்று கேட்கிறேன்.

இப்போது கிளிஞ்சலுக்கு வருகிறேன்.

என் புஞ்சையில் கிளிஞ்சல் கிடக்கிறது. மறுக்கவில்லை. மழை பெய்து மேல்மண் கழுவியதும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். சின்ன வயதில் பொறுக்கி விளையாடியிருக்கிறோம். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட் என்பதும் சரி. கோளாறு எங்கே என்றால், நம் மொழியிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்) என்று சொல்லுகிற வரிசையில் கால்சியத்துக்குச் சுண்ணாம்புச் சத்து என்று பேர் வைத்துவிட்டோம். பேர் அப்படி இருப்பதால் சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் எல்லாம் சுண்ணாம்புச் சத்து இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. சாம்பல்சத்து என்று பேர் இருப்பதால் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டால் போதும் என்று நீங்கள் எங்களுக்குச் சொல்வதில்லையே.

பயிர் கல்லைத் தின்னாது. தண்ணீரில் கரைந்ததைத்தான் குடிக்கும். ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராமுக்கு மேல் கரையும். கிளிஞ்சலில் உள்ள கார்பனேட் சுத்தமான தண்ணீரில் அதில் நூறில் ஒரு பங்குகூடக் கரையாது. மண் புளிப்பாக இருந்தால் அது வேகமாகக் கரையும். என் மண்வள அட்டையில் கார அமில நிலை 8.2. ஏழுக்கு மேல் போனாலே காரம். மாவாகப் பொடிந்து மண்ணோடு கலந்த சுண்ணாம்பு என்றால் அது வேறு. அப்படிப்பட்ட நிலத்தில் கால்சியம் போதுமானதாகவே இருக்கலாம். என் புஞ்சையில் கிடப்பது துண்டு துண்டாக. நூற்றைந்து நாள் பயிருக்கு அந்தத் துண்டு எப்போது கரைந்து எப்போது வந்து சேரும்?

கடலை விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இதை மகள் விளக்கிய நாளில் இருந்து கடலைச் செடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம்தான். செடி பூப்பது மேலே, காய்ப்பது கீழே. பூ வாடியதும் அதன் அடியில் இருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போகிறது. அதன் நுனிதான் காயாகிறது. இலை வெயிலில் வியர்க்கிறது. அதனால் வேர் உறிஞ்சும் தண்ணீர் இலையைப் பார்த்துத்தான் ஏறும். கால்சியம் அந்தத் தண்ணீரோடு ஏறி இலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் பழைய இலையை விட்டுக் கிளம்பி வேண்டிய இடத்துக்குப் போகும். கால்சியம் அப்படிப் போகாது. மண்ணுக்குள் இருட்டில் கிடக்கும் காய்க்கு ஏது வியர்வை? அதனால் வேர் எடுத்த கால்சியம் காய்க்கு வந்து சேர்வதில்லை. விழுதும் பிஞ்சும் தன்னைச் சுற்றியுள்ள ஈரமண்ணில் இருந்து தானாகவே குடித்துக்கொள்ள வேண்டும். தாய் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், மடியில் இருக்கும் பிள்ளை பட்டினி கிடக்கும். செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், காய் பொக்காகும். அதனால்தான் இலையைப் பார்த்து "கடலை ஜோராக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகிற எந்த அதிகாரியையும் நான் நம்புவதில்லை. மன்னிக்கவும்.

ஆக, கால்சியம் இருக்க வேண்டிய இடம் காய் பிடிக்கும் மேல்மண், ஐந்து பத்து சென்டிமீட்டருக்குள். இருக்க வேண்டிய காலம் விழுது இறங்கிப் பிஞ்சு பருக்கும் காலம். இருக்க வேண்டிய வடிவம் கரையும் வடிவம். அரையடி ஆழத்தில் கிடக்கும் கிளிஞ்சல் இந்த மூன்றில் எதற்கும் உதவாது.

இங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. கால்சியத்துக்குக் கடைக்காரர்கள் பாட்டில் விற்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் வாங்கி இலையில் அடித்தேன். மிளகாய்க்கு, தக்காளிக்குப் பிஞ்சின் மேலேயே படும்படி அடித்தால் கொஞ்சம் பலன் இருக்கலாம். கடலைக்கு இலையில் அடித்தது இலையிலேயே நின்றுவிடும். மண்ணுக்குள் இருக்கும் காய்க்கு இறங்காது. ஜிப்சத்தை நீங்கள் நிறுத்தினால் எங்கள் ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அந்தப் பாட்டிலைத்தான் தேடிப் போவார்கள்.

இன்னொருவர் கதையையும் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்தான், முறைக்கு அண்ணன். "சுண்ணாம்புச் சத்து குறைவு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காளவாசலில் இருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு நாலு மூட்டை வாங்கி வந்து கடலைக்குத் தூவிவிட்டார். ஏற்கெனவே காரமாக இருந்த மண் இன்னும் காரமானது. பதினைந்து நாளில் குருத்திலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. அது இரும்புச் சத்துக் குறைபாடு. சுண்ணாம்பு மிஞ்சினால் மண்ணில் இருக்கும் இரும்பு செடிக்குக் கிடைக்காமல் போகும். சுண்ணாம்பு புளிப்பு மண்ணைத் திருத்துவதற்கு. ஜிப்சம் மண்ணின் காரத்தைக் கூட்டாமல் கால்சியம் தரும். சுத்தமான ஜிப்சத்தில் கால்சியம் சுமார் 23 விழுக்காடு, கந்தகம் சுமார் 18.6 விழுக்காடு. எண்ணெய் வித்துக்குக் கந்தகமும் வேண்டியதுதான். இரண்டையும் ஒரே பேரில் பேசியதால் அண்ணனுக்கு ஒரு பட்டம் போச்சு. உங்கள் ஆட்களும் இரண்டையும் ஒன்றாகப் பேசியதால்தான் எங்களுக்கு ஒதுக்கீடு போச்சு.

சரி, மண்வள அட்டை என்ன சொல்கிறது? என்னிடம் இரண்டு அட்டை இருக்கிறது. தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அப்புறம் கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம். பன்னிரண்டு வரி. கால்சியத்துக்கு வரி இல்லை. மக்னீசியத்துக்கும் இல்லை. சோடியத்துக்கும் இல்லை. இந்த அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானில் சூரத்கர் என்ற ஊரில் தொடங்கியது. இந்தியாவில் வெட்டி எடுக்கும் ஜிப்சத்தில் ஏறக்குறைய முழுவதும் அந்த ராஜஸ்தானில் இருந்துதான் வருகிறது. அந்த மண்ணில் நின்று தொடங்கிய அட்டையில் கால்சியத்துக்கு ஒரு வரி போடத் தோன்றவில்லை பாருங்கள்.

அட்டையில் இல்லாததை யாரும் அளப்பதில்லை. அளக்காததால் குறை தெரிவதில்லை. குறை தெரியாததால் "தேவை இல்லை" என்று எழுதிவிடலாம். எங்கள் ஒதுக்கீடு போன வழி இதுதான் என்று நினைக்கிறேன். தவறு என்றால் திருத்துங்கள்.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் காலத்தில் கடலைக்கு அடியுரம் என்றால் சூப்பர் பாஸ்பேட்தான். சூப்பரில் மணிச்சத்து 16 விழுக்காடு. அதோடு எடையில் ஐந்தில் ஒரு பங்கு கால்சியம், 11 விழுக்காடு கந்தகம். பாறை பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தில் பதப்படுத்தும்போதே அதற்குள் ஜிப்சம் உண்டாகிவிடுகிறது. அவர்களுக்கு அது தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அப்புறம் டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் வந்தது. மூட்டை குறைவு, தூக்கிச் சுமக்கும் கூலி குறைவு, பயிர் சீக்கிரம் கறுகறுவென்று வரும். எல்லோரும் மாறினோம். டி.ஏ.பி.யில் தழை 18, மணி 46. கால்சியம் ஒன்றும் இல்லை. மணிச்சத்து கிடைத்தது, கேட்காமலே வந்துகொண்டிருந்த சுண்ணாம்புச் சத்து நின்றது. மாறச் சொன்ன கூட்டங்களில் எதிலும் இதை யாரும் எங்களுக்குச் சொன்னதாக நினைவில்லை. போதாததற்குக் கடலைக்குப் பொட்டாஷை அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. காய் பிடிக்கும் மண்ணில் சாம்பல்சத்து மிஞ்சினால் அது கால்சியத்தை முந்திக்கொள்ளும்.

தண்ணீர் பக்கம் வருவோம். எங்கள் கிணறு இருபது வருடத்துக்கு முன்னால் குடிக்கிற தண்ணீர். இப்போது கோடையில் வாயில் வைக்க முடியாது. கடல் உள்ளே வருகிறது. கடல் நீரில் ஒரு லிட்டருக்குக் கால்சியம் சுமார் 400 மில்லிகிராம், மக்னீசியம் 1,300, சோடியம் 10,000-க்கு மேல். இந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தாலும் மண்ணில் கால்சியம் பிடித்திருந்த இடத்தை சோடியம் பிடித்துக்கொள்கிறது. மணலில் அது உடனே தெரியாது. கண்மாய் ஓரக் களிமண்ணில் வந்து பாருங்கள். தண்ணீர் கட்டினால் சேறு குழம்பி மேலேயே நிற்கும். காய்ந்தால் தார் ரோடு மாதிரி இறுகும். கடப்பாரை போட வேண்டும். சோடியம் களிமண்ணைப் பிரித்துக் கூழாக்குகிறது, கால்சியம் அதைச் சேர்த்துப் பிடித்துப் பொலபொலப்பாக்குகிறது. களர் நிலத்துக்கு ஜிப்சம் போடுவது இதற்குத்தான். கால்சியம் உள்ளே போக, சோடியம் வெளியே வந்து, நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் கீழே இறங்கும்.

உவரும் களரும் ஒன்றல்ல என்பதும் எங்களுக்குத் தெரியும். வெறும் உப்பு மட்டும் பூத்த உவர் நிலத்தில் ஜிப்சத்தைக் கொட்டிப் பயனில்லை. அதற்கு மழைநீரைக் கட்டி வடிக்க வழி வேண்டும். கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், மண் பிடித்து வைத்திருக்கும் கால்சியம், மக்னீசியம் போன்றவற்றில் சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டினால்தான் களர். இந்த இரண்டாவது கணக்கு அட்டையில் இல்லாமல், எது உவர், எது களர் என்று எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

அந்தக் களிமண்ணில் இருக்கும் மிளகாயும் இதே கதைதான். மாசி, பங்குனியில் வெக்கைக் காற்று அடிக்கும்போது தண்ணீர் முன்னே பின்னே ஆனால் காய் நுனி வெளுத்துத் தோல் மாதிரி சுருங்கி, பிறகு கறுக்கிறது. கடையில் காட்டினேன், பூஞ்சாண மருந்து கொடுத்தார்கள். அடித்தேன். நிற்கவில்லை. பழ அழுகல் நோய் என்றால் புள்ளி வட்டம் வட்டமாக, எந்தப் பக்கத்திலும் வரும். இது நுனியில் மட்டும். இலை இழுக்கிற தண்ணீரைக் காய் இழுப்பதில்லை, அதனால் கால்சியம் அதற்கு வந்து சேரவில்லை. ராமேசுவரம், பாம்பன் பக்கம் பழைய வீடுகளில் பவளக் கல்லுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியிருப்பார்களே, செடியும் தன் செல்களை அப்படித்தான் கால்சியம் வைத்து ஒட்டுகிறது. சாந்து இல்லாத இடத்தில் சுவர் சரிகிறது. அந்த நுனி அழுகல் அதுதான். புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் என்று மேடையில் பேசுகிறோம். அதன் நுனி ஏன் கறுக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

"கடலோரம்" என்று ஒரே கோடாகப் போட்டுவிட்டீர்களே, அதுவும் எனக்குப் புரியவில்லை. மண்டபம் பக்கம் மண்ணில் பவளப் பொடியும் சங்குத் துண்டும் கலந்திருக்கும். சாயல்குடியைத் தாண்டித் தூத்துக்குடிப் பக்கம் போகப் போகச் சிவந்த மணல் வரும். கிளிஞ்சல் தேடினாலும் கிடைக்காத இடம் உண்டு. திருவாடானைப் பக்கம் நெல் விளையும் களிமண். எல்லாவற்றுக்கும் ஒரே வரி எப்படிப் பொருந்தும்? நான் கேட்பது எல்லோருக்கும் மூட்டை மூட்டையாக ஜிப்சம் அல்ல. என் பக்கத்து ஊரில் சில புஞ்சைகளுக்கு அது தேவையே இல்லாமல் இருக்கலாம். பொக்கு எல்லாமே கால்சியத்தால் வருவதும் இல்லை. கார்த்திகை மழை பொய்த்து மேல்மண் காய்ந்தால், ஜிப்சம் போட்டிருந்தாலும் காய் குடிக்க ஈரம் இருக்காது. போரான் குறைந்தால் பருப்புக்குள் குழி விழும். இதை எல்லாம் பிரித்துச் சொல்லத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். வாலிநோக்கத்திலும் உப்பூரிலும் திருப்பாலைக்குடியிலும் உப்பளங்கள் இருக்கின்றன. கடல் நீர் வெயிலில் சுண்டும்போது முதலில் படிவது கால்சியம் கார்பனேட். ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும் நேரத்தில் ஜிப்சம் படியும். பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு விளையும். அதாவது உப்பு விளைகிற இடத்தில் எல்லாம் அதற்கு முந்திய பாத்திகளில் ஜிப்சம் படிந்தே தீரும். எங்கள் வீட்டில் இருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்தில் படிகிற பொருளுக்கு நாங்கள் ராஜஸ்தான் லாரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அந்த லாரியும் இந்த வருடம் வேண்டாமாம். உப்பளத்து ஜிப்சத்தை அப்படியே அள்ளிப் போடலாம் என்று சொல்லவில்லை. உப்பு ஒட்டியிருக்கும், கழுவ வேண்டும், எவ்வளவு உப்பு மிஞ்சியிருக்கிறது என்று சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக்குத்தான் ஆய்வகம் இருக்கிறது.

பவளத்தையோ தீவுகளையோ தோண்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு காலத்தில் பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு எரித்தார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாகின. அது அப்படியே இருக்கட்டும். எங்களுக்கு வேண்டியது சுண்ணாம்பு அல்ல என்றுதான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேட்பதைக் கேட்டுவிடுகிறேன்.

"கடலோரக் கிராமங்களுக்கு ஜிப்சம் வேண்டாம்" என்று எழுதியதை இந்தப் பட்டத்துக்கு நிறுத்தி வையுங்கள். எந்த மண் பரிசோதனையை வைத்து அப்படி எழுதினீர்கள் என்று டிப்போவின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அப்படி ஒரு பரிசோதனை இல்லை என்றால், இல்லை என்றாவது ஒட்டுங்கள்.

கடலை போடும் கடலோர நிலங்களில் அரையடி ஆழத்து மண்ணோடு, காய் பிடிக்கும் மேல் பத்து சென்டிமீட்டர் மண்ணையும் தனியாக எடுத்து, அதில் கரையும் கால்சியம் எவ்வளவு என்று பாருங்கள். கரையும் கால்சியம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அம்மோனியம் அசிடேட் கரைசலை வைத்து அளக்கும் வழக்கமான முறை, கிளிஞ்சல் கலந்த மண்ணில் அந்தக் கிளிஞ்சலையே கொஞ்சம் கரைத்து, இல்லாத சத்தை இருப்பதாகக் காட்டிவிடும். இது ஆய்வகத்தில் இருக்கிறவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டிய நிலங்களுக்குச் சோடியத்தின் பங்கையும், எவ்வளவு ஜிப்சம் தேவை என்ற கணக்கையும் சேர்த்துத் தாருங்கள். அட்டையில் வரி இல்லை என்றால் பின்பக்கம் கையால் எழுதித் தாருங்கள், நாங்கள் படித்துக்கொள்வோம்.

மண் எடுக்க வரும்போது கிணற்றுத் தண்ணீரும் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு போங்கள். கால்சியம், மக்னீசியம், சோடியம், கார்பனேட்டுகள் நாலையும் பாருங்கள். தண்ணீரைப் பார்க்காமல் மண்ணுக்கு மட்டும் வைத்தியம் பார்த்து இங்கே எதுவும் நிற்காது.

பரிந்துரைச் சீட்டில் "சுண்ணாம்புச் சத்து" என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஜிப்சம் என்றால் ஜிப்சம் என்று எழுதுங்கள். 8-க்கு மேல் காரம் உள்ள மண்ணுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு போடக் கூடாது என்பதையும் அதே சீட்டில் எழுதுங்கள். டி.ஏ.பி. போடுகிறவர்களுக்கும் சூப்பர் போடுகிறவர்களுக்கும் ஜிப்சம் கணக்கு ஒன்றாக இருக்க முடியாது. அதையும் பிரித்துச் சொல்லுங்கள்.

உப்பளத்து ஜிப்சத்தில் ஒரே ஒரு மாதிரியாவது எடுத்துச் சோதித்து, முடியும், முடியாது என்று பதில் சொல்லுங்கள். முடியாது என்பதும் எங்களுக்குப் பதில்தான்.

கடைசியாகக் காலம். நாங்கள் ஐப்பசி முதல் வாரம் விதைக்கிறோம். நாற்பதாம் நாள் கார்த்திகைப் பாதியில் வருகிறது. விதைப்போடு போட்டால் அடைமழையில் மணலோடு கீழே இறங்கிவிடும்; மார்கழியில் வந்தால் விழுது இறங்கி முடிந்திருக்கும். போன பட்டத்தில் மீதி மூட்டை டிப்போவுக்கு வந்து சேர்ந்தது, கடலை பறித்து எட்டு நாள் கழித்து. இந்த முறை ஐப்பசி முடிவதற்குள் மூட்டை டிப்போவில் இருக்க வேண்டும். வண்டி நாங்களே கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
கடலோரக் கடலை விவசாயி ஒருத்தி,
ராமநாதபுரம் மாவட்டம்